உள்ளங்கை நனையாத பெட்டி

கிவாம்பா தீவில் படகு இறக்குவது கல்யாணத்தைவிடப் பெரிய விஷயம். கல்யாணத்தில் மாப்பிள்ளை சரியில்லை என்று தெரிய ஆறு மாதமாவது ஆகும். படகு சரியில்லை என்பது அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்துவிடும். அதனால் அன்று எல்லார் கண்ணும் கலப்பத்துக்காரர்மேல்தான் இருக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியை உளி வைத்து அடித்து இறுக்கியவர் அவர்தானே. படகு தண்ணீரில் நின்றதும் அவர் உள்ளே இறங்குவார். அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்து நிமிர்வார். முகம் காய்ந்திருந்தால் ஊர்த்தலைவர் கரையிலிருந்து கேட்பார், "அடைச்சது யாரு?" என்று. கலப்பத்துக்காரர் தன் பெயரைச் சொல்வார். பெண்கள் குலவையிடுவார்கள். சடங்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குத் தன் பெயரைச் சொல்வதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் உண்டு.

முகம் ஈரமாக இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். திட்டவும் மாட்டார்கள். புதுப் பலகை தண்ணீர் குடிக்கும், குடித்து உப்பும், உப்பினால் இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். "குடிக்கட்டும் விடு" என்று சொல்லிவிட்டுப் படகை ஒரு நாள் தண்ணீரிலேயே விட்டுப் போவார்கள்.

கலப்பத்துக்காரர் ஷவேஜி அடைத்த எந்தப் படகையும் அப்படி விட்டுப் போக நேர்ந்ததில்லை. இது தெரியாதவர்கள் யாராவது தீவில் இருந்தால், அவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

அவருடைய தங்கை சிவேமா. நாற்பதை நெருங்குகிறவள். அண்ணனுக்கு மூக்கு நுனியில் கோபம் என்றால் இவளுக்கு அதற்கும் ஒரு விரற்கடை முன்னால். மற்றப் பெண்களைப் போல அவளும் அமாவாசை வற்றத்தில் தண்ணீர் இறங்கியதும் கையில் கம்போடு பாரின்மேல், அந்தக் கடல்பாறைத் திட்டின்மேல், நடந்து, பொந்துக்குள் குத்திப் பேய்க்கணவாய் பிடிக்கிறவள்தான். எட்டுக் கையும் கம்பைச் சுற்றிக்கொண்டு வரும். இழுத்துப் பாறையில் நாலு அடி அடித்தால் குழம்புக்கும் ஆயிற்று, விற்பனைக்கும் ஆயிற்று. மற்றவர்கள் முழங்கால் தண்ணீரோடு நின்றுகொண்டார்கள். சிவேமா நிற்கவில்லை. வருஷா வருஷம் சுறாவைப் படம் எடுக்க வந்த கிர்ஸ்டன் என்ற டென்மார்க்காரிக்குப் படகில் துணைபோய், மூச்சடக்கி முங்கப் பழகிக்கொண்டாள். அதனால் பேய்க்கணவாய் பெருகட்டும் என்று ஊர் கூடித் தெற்குப் பாரை நாலு மாதத்துக்கு மூடியபோது, உள்ளே போய்ப் பார்த்துவரும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். பார்க்கலாம், தொடக் கூடாது.

மூன்று மாதம் போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கொம்போ அந்தக் கட்டுப்பாட்டைக் கலைத்துவிடப் பார்த்தான்.

கொம்போ அவளுக்குத் தாய்மாமன் மகன். பெண்கள் பிடித்துவரும் பேய்க்கணவாயை வாங்கி, ஐஸ்பெட்டியில் அடுக்கி, அக்கரைக்கு அனுப்புகிறவன். அந்தத் தீவில் மாமன் பிள்ளையும் அத்தைப் பிள்ளையும் ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் கேலி பேசலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவர்தான் தோற்றவர். அதோடு இன்னொரு விதியும் உண்டு. கேலியாகச் சொன்னது எப்போதாவது நிஜமாகிவிட்டால், சொன்னவன் மற்றவருக்கு ஒரு நாள் கூலியில்லா ஆளாக வேலை செய்ய வேண்டும். அதனால் நடக்கவே நடக்காததாகப் பார்த்துத்தான் கேலி பேசுவார்கள்.

மீன் இறங்கும் துறையில் பத்துப் பேர் நடுவே கொம்போ சொன்னான்: "இந்த அமாவாசைக்கே பாரைத் திறந்துரலாம். ஐஸ் படகு வருது. இன்னொரு மாசம் விட்டா இருக்கிறதும் வேற எங்கயாவது போயிரும்."

"அடுத்த அமாவாசை வரைக்கும் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது" என்றாள் சிவேமா. "தாய் முட்டை மேல உக்காந்திருக்கு."

"உக்காந்திருக்கா? கோழியா அது?"

சிரிப்பு. சிரித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

"பொந்துக்குள்ள முட்டையைத் தொங்கவிட்டுட்டு வாசல்ல காவலா இருக்கு. ஒண்ணு இல்ல, பாரு முழுக்க அப்படித்தான். முங்கி என் கண்ணால பாத்தேன்."

"நீ பாத்த. வேற யாரு பாத்தா?"

"தண்ணிக்கு அடியில நாலு பேரை எங்க போய்க் கூப்பிடுறது?"

"அப்போ அந்தப் பேய்க்கணவாயையே சாட்சிக்குக் கூட்டிட்டு வா. வரும்போது உங்கண்ணன் தொலைச்ச உளி எங்கன்னும் கேளு. அதுதான் தூக்கிட்டுப் போயி அங்க உக்காந்து கலப்பத்து அடிச்சிட்டு இருக்கும்!"

இந்தத் தடவை துறையே சிரித்தது. போன வடகாற்றுக் காலத்தில், தெற்குப் பாருக்கு மேலே நங்கூரம் போட்டு நின்ற படகு ஒன்றுக்கு ஒழுகல் அடைக்கப் போன ஷவேஜி, தன் அப்பா காலத்து உளியைக் கைநழுவிக் கடலில் விட்டுவிட்டார். அகன்ற வாய், கழுத்தில் அரத்தால் அறுத்த மூன்று கீறல். அது போன துக்கம் அவருக்கு இன்னும் தீரவில்லை. ஊருக்குச் சிரிப்பும் தீரவில்லை.

ஊர்த்தலைவர் மகாமே சொன்னார்: "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு கூடிப் பேசிருவோம். சிவேமா, உன் சொல்லை மட்டும் வச்சு ஊரைப் பட்டினி போட முடியாதும்மா. எதையாவது காட்டு."

சிவேமா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்தால் தோற்றவள் ஆகிவிடுவாளே. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தாள்.

போன வருஷம் கிர்ஸ்டன் பெரிய கேமரா வாங்கிக்கொண்டு பழையதை இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கூடவே, அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் பெட்டியையும். கெட்டியான கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக். முன்னால் லென்ஸுக்கு வட்டக் கண்ணாடி, மேலே அமுக்கப் பொத்தான்கள், பின்னால் கதவு. கதவைச் சுற்றி ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினால் அந்த வளையம் நசுங்கிக் கடலை வெளியே நிறுத்தும். கிர்ஸ்டன் நூறு தடவை சொல்லியிருந்தாள்: வளையத்தின் மேல் ஒரு முடி, ஒரு நூல், ஒரு மணல் குறுக்கே கிடந்தாலும் போச்சு. அந்தப் பயத்திலேயே சிவேமா ஒரு வருஷமாக அதைத் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். கேமரா நனைந்தால் வேறொன்று கொடுக்க இந்த உலகத்தில் யாரும் அவளுக்கு இல்லை.

"முதல்ல வெறும் பெட்டியை இறக்கிப் பாக்கணும்" என்று அவள் அண்ணனிடம் சொன்னதுதான் பிழையாகப் போயிற்று.

ஷவேஜி வளையத்தை விரலில் மாட்டிப் பார்த்தார். "இதுவா? இந்த வளையலா கடலைத் தடுக்கும்?"

"தடுக்கும்ணே. அதுக்குன்னே செஞ்சது."

"நான் உயிரோட இருக்கேன். என் தங்கச்சி தண்ணில ஒண்ணை இறக்குறா. அதுல என் கை படலன்னா ஊரு என்ன பேசும்?"

"உன் கை படாம இருந்தா போதும்னு நான் பேசுவேன்" என்றாள் சிவேமா. வளையத்தை வாங்கி, கிரீஸை விரல்நுனியில் தொட்டு மெல்லத் தடவி, பள்ளத்தில் பதித்து வைத்துவிட்டு ஃபஜ்ர் தொழுகைக்குப் போனாள்.

தொழுது திரும்புவதற்குள் அண்ணன் உதவிவிட்டார். சொல்லவில்லை.

காலையில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தால் பாதி ஊர் நிற்கிறது. ஷவேஜிதான் சொல்லியிருந்தார். சாம்பிராணி புகைகிறது, தட்டில் ஹல்வா, கொம்போ எங்கிருந்தோ ஒரு மேளத்தைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டியிருக்கிறான். டிபன் பெட்டி அளவுள்ள ஒன்றை இறக்கப் படகு இறக்கும் கூட்டம்! சிவேமாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உள்ளே ஒரு செய்தித்தாளை மடித்து வைத்து, கல்லைக் கட்டி, கயிற்றில் இறக்கினாள். கொம்போ மேளத்தைத் தட்டினான். கொஞ்ச நேரம் விட்டு இழுத்தாள்.

ஷவேஜி முன்னால் வந்து, சபையைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளங்கையை உள்ளே வைத்து அழுத்தினார். முகத்தைத் துடைத்தார். முகம் பளபளவென்று நனைந்திருந்தது.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் முதல் தடவை.

"குடிக்கட்டும் விடு" என்றார் ஷவேஜி. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "புதுசு. சாயங்காலத்துக்குள்ள உப்பி அடைஞ்சிரும்."

பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது என்பது சிவேமாவுக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் நனைந்த முகத்தோடு நிற்கும் அண்ணனிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்தி, சதுப்புக்காட்டு ஓரமாக ஒரு வேரில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டார்கள். சாயங்காலம் எடுத்தபோது பெட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. செய்தித்தாள் கரைந்து வெள்ளையாகக் கலங்கி நின்றது.

கொம்போ எட்டிப் பார்த்தான். "அட, கஞ்சி காய்ச்சி வச்சிருக்காங்க! சக்கரை போட்டுக் கொண்டு வாங்க, வயசான ஆளுங்களுக்குக் கொடுக்கலாம்."

வீட்டுக்கு வந்து வளையத்தைக் கழற்றிய உடனே சுறா எண்ணெய் நாறியது. வளையத்துக்கு அடியில், பள்ளம் முழுக்க, மயிரிழையாகத் திரித்த பஞ்சு. நகத்தால் அமுக்கி அமுக்கி வைத்திருந்தது. அந்த நேர்த்தியைப் பார்த்தாலே யார் கை என்று தெரிந்துவிடும்.

"இதை யாரு வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. தண்ணி வர்ற இடத்துல பஞ்சு வைக்கிறது எனக்கு யாரும் சொல்ல வேண்டிய விஷயமா?"

"ஒரு முடி இருந்தா ஒழுகும்னு சொன்னேனேண்ணே! நீ ஒரு கயித்தையே வச்சிருக்க!"

"அதெப்படி ஒழுகும்? வாழ்நாள் பூரா நான் பஞ்சு வச்சுத்தான் கடலை நிறுத்தினேன். ஒண்ணுமே வைக்காத இடத்துல தண்ணி வராது, வச்சா வரும்னா, அது என்ன பெட்டி? சைத்தான் பெட்டியா?"

"மரம் உப்பும்ணே. பஞ்சும் உப்பும். ரெண்டும் உப்பிக் கட்டிப் புடிச்சுக்கும். இது உப்பாது. இதுக்கு நடுவுல ஒண்ணுமே இருக்கக் கூடாது. உள்ள கேமரா இருந்திருந்தா என் கதி என்ன? வெள்ளிக்கிழமை நான் எதைக் காட்டுவேன்? உன் கஞ்சியையா?"

கடைசி வார்த்தை வேண்டியதில்லை. அது வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கும் தெரிந்தது. ஷவேஜி எழுந்து, தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். சிவேமாவுக்கு அழுகை வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து பள்ளத்தைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். எண்ணெயில் ஊறிய வளையம் தளர்ந்துபோயிருந்தது, இனி உதவாது. கிர்ஸ்டன் கொடுத்த பொட்டலத்தில் இன்னொன்று இருந்தது. அதுதான் கடைசி.

வியாழக்கிழமை விடியற்காலையில் அவள் மாயசாவின் படகை இரவல் கேட்டு வாங்கித் துறைக்கு வந்தாள். மாயசா அவளோடு சிறுவயதிலிருந்து பாருக்குப் போகிற தோழி. படகில் ஏற்கெனவே ஒரு உருவம் துடுப்போடு உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் சிவேமா பயந்தே போனாள். முகத்தில் பாதி இல்லை. தாடை இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஏதோ சரசரத்தது.

"யாரு?"

"நான்தான்" என்றார் ஷவேஜி. தாடியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, இரண்டு காதிலும் இழுத்துக் கட்டியிருந்தார். "முடி விழக் கூடாதுன்னியே."

சிவேமா கரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவ்வளவு சிரித்தும் அந்த மனிதர் முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"சிரிச்சு முடிச்சிட்டா ஏறு. நீர் திரும்புறதுக்குள்ள போகணும்."

"நீ பெட்டியைத் தொடக் கூடாது."

"தொடல. நீ அடைக்கும்போது கையைப் பின்னால கட்டிக்கிறேன். போதுமா?"

அப்படியே செய்தார். வெயில் ஏறுவதற்கு முன், கண்ணாடி வேர்க்காத குளிர்ச்சியிலேயே சிவேமா பெட்டியை அடைத்தாள். இடுப்பில் சுற்றியிருந்த, நூல் உதிரும் காங்காத் துணியைக் கழற்றி வைத்தாள். முங்கும் சட்டையோடு இருந்தாள், தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். வளையத்தை விரல் நடுவே ஓடவிட்டு ஒரு சுற்று பார்த்தாள். பள்ளத்தைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்து இன்னொரு சுற்று பார்த்தாள். கிரீஸ், ஒரு மினுமினுப்பு வரும் அளவுக்கு மட்டும். ஷவேஜி மூச்சைக்கூட வேறு பக்கம் திரும்பி விட்டார். முதலில் வெறும் பெட்டியை இறக்கி எடுத்தாள். உள்ளே வைத்த காகிதம் மொடமொடவென்று இருந்தது.

அவர் கை தானாக முன்னால் வந்தது.

"கை வைக்காதண்ணே. உன் நகத்துக்குள்ள இன்னும் பஞ்சு இருக்கு."

அவர் கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். சிவேமா கேமராவை உள்ளே வைத்து, சாத்தி, பிஸ்மில்லா சொல்லிக் கடலில் இறங்கினாள்.

பத்தடி ஆழத்தில் அந்தப் பொந்து. வாசலில் கல்லும் சிப்பியுமாக அடுக்கி, ஒரு கை நுழையும் அளவு மட்டும் விட்டிருந்தது. சிவேமா முதலில் பெட்டியைத்தான் பார்த்தாள். ஒரு குமிழி கிளம்பினாலும் மேலே ஓடிவிடலாம் என்று. குமிழி இல்லை. அடுத்த மூச்சுக்குத்தான் பொந்தைப் பார்த்தாள். இடுக்கில் ஒரு கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவின் வெளிச்சம் ஒரு தடவை வெட்டியது. உள்ளே கூரையிலிருந்து முட்டைகள் சரம் சரமாகத் தொங்கின, மணப்பெண் தலைக்குக் கட்டும் மல்லிகைச் சரம் போல. தாய் அவற்றின்மேல் தண்ணீரை ஊதி ஊதி அலசிக்கொண்டிருந்தது. தின்று எத்தனை நாளோ, உடம்பு வெளுத்துத் தோல் தொங்கியது. இவள் கிட்டே போனதும் ஒரு கை வெளியே வந்தது. பெட்டியைத் தடவியது. கண்ணாடிமேல் உறிஞ்சிகளை ஒவ்வொன்றாகப் பதித்துப் பார்த்தது. பிறகு, இது தின்னவும் வராது, குத்தவும் வராது என்று தீர்மானித்த மாதிரி உள்ளே போய்விட்டது.

சிவேமா மேலே வந்து மூச்சு வாங்கினாள், மறுபடி போனாள், மறுபடியும் போனாள். கடைசியாகப் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பெட்டியை அண்ணனிடம் நீட்டினாள். அண்ணன் பெட்டியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். துளி இல்லை. இரண்டு பேரும் கரைக்கு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கால்பந்துக் கொட்டகையில் கூட்டம். வழக்கமாக டிவியில் கால்பந்து போட்டு ஆண்கள் மட்டும் கத்திக்கொண்டிருக்கும் இடம். அன்று பாருக்குப் போகும் பெண்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கொம்போ நன்றாகவே பேசினான். ஐஸ் படகைச் சொன்னான், பசியைச் சொன்னான், மூடி வைத்தவன் தின்னவில்லை, வந்தவன் தின்றான் என்று கதையாகிவிடக் கூடாது என்றான். பல தலைகள் ஆடின. பிறகு கொட்டகைக்காரன் கேமராவின் வயரை டிவியில் செருகினான்.

திரையில் படம் வந்தது.

திரை முழுக்க நின்றது அந்தப் பொந்து. அந்தக் கண். கூரையெல்லாம் சரங்கள். சிவேமா கேமராவை அமுக்கிப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

"அது என்னது, அந்தப் புள்ளி?" என்றார் மகாமே.

"கண்ணு" என்றாள் சிவேமா. "குஞ்சோட கண்ணு. உள்ள இருந்து பாக்குது."

மாயசா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். பிறந்ததிலிருந்து இந்தப் பாரில் நடப்பவள். எந்தப் பொந்தில் எது இருக்கிறது என்று கம்பின் நுனியாலேயே சொல்லிவிடுவாள். ஆனால் பொந்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவளோ, அவள் அம்மாவோ, இந்தத் தீவில் எந்தப் பெண்ணுமோ ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

"சில சமயம் கம்புல வெள்ளையா ஒட்டிட்டு வரும்" என்றாள் மாயசா. "பாசின்னு நினைச்சு மணல்ல தேய்ச்சிருவேன்." சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். முன்வரிசையில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் கம்பை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொம்போ தொண்டையைச் செருமினான். அவன் கெட்டவன் இல்லை, ஆனால் வியாபாரி. "படம் நல்லா இருக்கு. நான் இல்லங்கல. ஆனா கேமரா யாரோடது? டென்மார்க்காரியோடது. அவ போகாத கடல் இல்ல. இது எந்த ஊரு பேய்க்கணவாயோ, யாருக்குத் தெரியும்? கல்லுல ஊரு பேரு எழுதியிருக்கா?"

பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. உண்மைதானே. கல் எல்லா ஊரிலும் கல்தான். முங்கியவள் அவள் ஒருத்தி. மறுபடியும் அவள் சொல் மட்டும்தான் மிச்சம்.

"கொஞ்சம் இரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஷவேஜி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். திரைமுன் நின்றார். முட்டையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். கல்லுக்கும் சிப்பிக்கும் நடுவே, செம்மண் நிறத்தில் ஏதோ ஒன்று நெட்டுக்குத்தலாகச் செருகியிருந்தது.

"இதைப் பெருசாக்கு."

சிவேமா அமுக்கினாள். துரு. அகன்ற வாய். கழுத்தில் ஒரு கீறல். இரண்டு. மூன்று.

ஷவேஜி திரையில் விரலை வைத்தார். "எங்கப்பா அறுத்த கீறல். இது தெற்குப் பார். நான் நங்கூரம் போட்ட இடம்."

அப்புறம் கொட்டகை வெடித்தது. யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது: "கொம்போ! நீதானடா சொன்ன, கலப்பத்து அடிச்சிட்டு இருக்கும்னு!" மேசையைத் தட்டினார்கள். கோல் விழுந்தால்கூட அந்தக் கொட்டகையில் அப்படிச் சத்தம் வந்ததில்லை. கொம்போ தன் தலையிலேயே அடித்துக்கொண்டு சிரித்தான்.

"சொன்னேன்! துறையில வச்சுச் சொன்னேன்! இத்தனை வருஷம் பாத்துப் பாத்துப் பேசினவன், ஒரு கடல் பிராணியால மாட்டிக்கிட்டேனே!"

"அந்தத் தாய் கதவு அடைக்கிறாடா" என்றார் ஷவேஜி, இன்னும் திரையைவிட்டுத் திரும்பாமல். "அடைக்கிற உளி அடைக்கிற வேலைக்கே போயிருக்கு பாரு. என்னமா இறுக்கியிருக்கா."

அதற்குமேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. மகாமே கேட்டார், எல்லாக் கைகளும் உயர்ந்தன, கொம்போவின் கை உட்பட. குஞ்சு பொரிந்து போகிறவரை தெற்குப் பார் மூடியே இருக்கும். திறக்கிற அன்று சிவேமாவின் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கொம்போ அவளுக்குப் பின்னால் பாரெல்லாம் நடக்க வேண்டும்.

"கூடையை நிறைக்காத தாயே, எனக்கு இடுப்பு வலி" என்றான் அவன்.

யாரோ சொன்னார்கள், நாளைக்கே முங்கி உளியை எடுத்து வந்துவிடலாமே என்று.

"தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்றார் ஷவேஜி. "அவ வேலை முடியட்டும். அதுவரைக்கும் அது அவளுக்கு இரவல்."

பிறகு அவர் தங்கை பக்கம் திரும்பினார். "அந்தப் பெட்டியைக் கொடு."

அது மேசைமேல் இருந்தது. முந்தின நாள் கேமராவை எடுத்த பிறகு மறுபடி சாத்தி வைத்தபடியே இருந்தது. அவர் இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். சிவேமா ஒவ்வொரு விரலாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கொக்கியை அவளே எடுத்துவிட்டாள்.

ஷவேஜி உள்ளங்கையைப் பெட்டிக்குள் வைத்து அழுத்தினார். படகின் அடிப்பலகையை அழுத்துவது போலவே, கண்ணை மூடிக்கொண்டு, முழுப் பலத்தோடு. எடுத்து முகத்தைத் துடைத்தார். நிமிர்ந்தார்.

"மச்சான், முகம் ஈரமா இருக்கு" என்றான் கொம்போ. "பெட்டி ஒழுகுது!"

"வாயை மூடு. அது பெட்டி ஒழுகல் இல்ல, என் வீட்டு ஒழுகல்" என்றார் ஷவேஜி. மறு கையால் கண்ணை வழித்துவிட்டு, பெட்டியை அழுத்திய கையைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கை காய்ந்திருந்தது. கேட்க வேண்டியவர் மகாமே. ஆனால் ஷவேஜி அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி, தன் வாழ்நாளெல்லாம் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வியைத் தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"அடைச்சது யாரு?"

பெண்கள் குலவைக்கு மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். "சிவேமா" என்றாள்.